பேட்ரிக் பிறந்த ஊர்

அயர்லாந்தின் பாதுகாவலராகக் கொண்டாடப்படும் கிறிஸ்தவப் புனிதர் பேட்ரிக், அயர்லாந்தில் பிறந்தவர் என்று உங்கள் கட்டுரையில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். தயவுசெய்து திருத்துங்கள். அவர் ரோமானியப் பிரிட்டனைச் சேர்ந்தவர். அவரே லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்: அப்பா கல்போர்னியுஸ் திருத்தொண்டர் (திருச்சபையில் குருவுக்கு அடுத்த நிலை), தாத்தா போத்தித்துஸ் குரு (பாதிரியார்), ஊர் பன்னவேம் தபுர்னியே. பக்கத்தில் குடும்பத்துக்கு ஒரு சின்னப் பண்ணைவீடு. கிட்டத்தட்ட 16 வயதில் அங்கிருந்துதான் அவரைப் பிடித்து அயர்லாந்துக்கு அடிமையாகக் கொண்டுபோனார்கள். ஆறு வருடம் அங்கே அடிமை வாழ்க்கை, தினமும் மந்தை மேய்த்தார்.

சிக்கல் எல்லாம் அந்த ஊர்ப் பெயரில்தான். இன்று அப்படி ஓர் ஊரே இல்லை. அவர் எழுதியதைப் பின்னாளில் கையால் படியெடுத்தவர்கள் சொல்லைத் தப்பாகப் பிரித்திருக்கலாம். 'பன்னவெந்தா பெர்னியே' என்று படித்தால் வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹாட்ரியன் சுவரில் இருந்த பன்னா கோட்டைப் பக்கம் போகிறது. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. வேல்ஸிலும் ஸ்காட்லாந்தின் கில்பாட்ரிக்கிலும் வேறு உரிமைகோரல்கள் உண்டு.

அப்புறம் வம்சம். கொரோத்திக்குஸ் என்ற போர்த்தலைவனின் படைவீரர்களுக்கு பேட்ரிக் எழுதிய கடிதத்தில், தன் அப்பா நகர்மன்ற உறுப்பினர் என்கிறார். அந்தக் குடிப்பெருமையை மற்றவர்களின் நன்மைக்காக விற்றுவிட்டேன் என்றும் அங்கேயே எழுதுகிறார். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.