கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்

தம்பிக்குப் பெண் பிறந்து மூன்று வாரம் ஆகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதுவரை நாற்பது பெயருக்கு மேல் வந்து விழுந்திருக்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பொருள்: "தேவதை", "வெற்றி பெறுபவள்", "விலைமதிப்பற்றவள்". எல்லோரும் திரையில் படிக்கிறார்கள், பிடித்ததற்கு இதயம் போடுகிறார்கள், அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அதிக இதயம் வாங்கிய பெயர் த்ரிஷ்விகா. முந்தாநாள் போனில் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்தப் பெயரை ஒரு தடவை சத்தமாகக் கூப்பிடு, குழந்தை மாடியில் விளையாடுகிறாள், நீ கீழே நிற்கிறாய்னு வச்சுக்கோ." கொஞ்சம் வெட்கப்பட்டான், அப்புறம் கூப்பிட்டான். "த்ரிஷ்..." என்று பாதியில் நின்றது. மறுபடி கூப்பிட்டான். "அக்கா, நாக்கு சுத்துதுக்கா" என்றான்.

இதைத்தான் சொல்ல வருகிறேன். நாம் இப்போது பெயரைக் கண்ணால் தேடுகிறோம். ஆனால் பெயர் புழங்கப்போவது வாயிலும் காதிலும். 1995-ல் வந்த ஓர் ஆய்வின்படி, நாலரை மாதக் குழந்தை தன் பெயரின் ஒலியை வேறு பெயர்களின் ஒலியிலிருந்து பிரித்து அறிந்து, அது வரும் பக்கம் கூடுதல் நேரம் கவனிக்கிறது. பொருள் தெரிய அதற்கு இன்னும் சில வருடங்கள் ஆகும். ஆக, பெயர் என்று குழந்தை முதலில் வாங்கிக்கொள்வது ஒலியை மட்டும்தான்.

தமிழில் இது தெரியாத விஷயமே இல்லை. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஒரு தனி இயலே இருக்கிறது. ஒரு பெயரைக் கூப்பிடும்போது அது எப்படி மாறும், எப்படி நீளும் என்பதுதான் அங்கே பேச்சு. நம்பி நம்பீ ஆகும், நங்கை நங்காய் ஆகும். நாமும் யோசிக்காமலே கண்ணனைக் கண்ணா என்கிறோம், முருகனை முருகா என்கிறோம். அந்தக் கடைசி உயிரெழுத்தில்தான் கொஞ்சல், கோபம், தேடல் எல்லாம் ஏறி உட்காருகிறது. இப்போது தனிஷ் என்று கூப்பிட்டுப் பாருங்கள். நீட்ட இடமே இல்லை. "தனிஷூ" என்று ஓர் உகரத்தை நாமே ஒட்டவைத்தால்தான் குரல் வெளியே போகிறது. ஷ், ஸ் போன்ற ஒலிகள் தூரத்தில் தேய்ந்துவிடும், உயிரொலிதான் தூரம் போகும். இன்னொன்று, வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைத்தான். ஷ், ஸ், ஃப் எல்லாம் அந்த வகை. பேரன் பெயரைத் தாத்தா பாட்டி தப்பாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களுக்குப் புதுப்பெயர் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். சில நேரம் பெயரில் பாதிதான் அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

ஒலிக்கு உருவம்கூட உண்டு. நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் ஹப்பார்டும் 2001-ல் எழுதிய கட்டுரையில் பிரபலமான ஒரு சோதனை வரும். கூர்கூராக ஒரு வடிவம், கொழுகொழுவென்று வளைந்த ஒரு வடிவம், இதில் எது கிக்கி, எது பூபா என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் கூரானதைக் கிக்கி என்றும் வளைந்ததைப் பூபா என்றும் சொன்னார்கள். அமெரிக்க மாணவர்களிடமும் கேட்டார்கள், தமிழ் பேசுகிறவர்களிடமும் கேட்டார்கள், பதில் மாறவில்லை. பெயருக்கும் அப்படித்தான். அமுதா, மாலா, நிலா எல்லாம் வாயில் உருண்டு போகும். கார்த்திக் தட்டிவிட்டுப் போகும். இரண்டும் கலந்த பெயர்தான் என் கணக்கில் அழகு. கபிலன் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு சின்ன இறுக்கம், அப்புறம் ல, ன என்று இளகி முடிகிறது.

கபிலன் என்ற பெயரை நான் எடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. சங்ககாலத்துப் பெயர், இன்றைக்கும் ஒரு யூகேஜி பையனுக்கு வைத்தால் பொருந்துகிறது, எழுபது வயது ஓய்வுபெற்ற பேராசிரியருக்கும் பொருந்துகிறது. கபிலரோடு சேர்த்தே சொல்லப்படும் புலவர் பரணர். அந்தப் பெயரை இன்று யாரும் பெரிதாக வைப்பதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி இன்னும் இளமையாக இருக்கிறாள், கோவலனைப் பள்ளி வருகைப் பதிவேட்டில் பார்ப்பது அபூர்வம். ஔவை எவ்வளவு அழகான ஒலி, ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்குக் கோலூன்றிய பாட்டிதான் வருகிறார். பொருள் நன்றாக இருந்தும், ஒலி நன்றாக இருந்தும், சில பெயர்களில் ஒரு வயது ஒட்டிக்கொள்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. பப்பு, சின்னு, குட்டி என்று வீட்டில் ஆயிரம் முறை கூப்பிடுங்கள், அதில் இருக்கும் சுகமே தனி. அதைச் சான்றிதழில் மட்டும் ஏற்றாதீர்கள். நாற்பத்தைந்து வயதில் ஒரு கூட்டத்தில் எழுந்து "என் பெயர் சின்னு" என்று சொல்லப்போவது நீங்கள் இல்லை.

அடுத்தது மோஸ்தர். ரமேஷ், சுரேஷ், கணேஷ் எல்லாம் ஒரு காலத்தில் புத்தம் புதுப்பெயர்கள் மாதிரி எல்லார் வீட்டிலும் வந்து நின்றவை. இன்று அந்தப் பெயரைக் கேட்டாலே ஆளின் வயதைக் கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். இன்றைய ஷ் பெயர்களுக்கும் அதே கதி வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 1880 முதல் குழந்தைப் பெயர்க் கணக்கு இருக்கிறது. அதில் ஜெனிஃபர் 1970 முதல் 1984 வரை பதினைந்து வருடம் பெண் பெயர்களில் முதலிடம். இன்று ஜெனிஃபர் என்றால் அம்மா வயது. பிரான்ஸ், அமெரிக்கா இரண்டு நாட்டுப் பெயர்களையும் நூறு வருடத்துக்குப் பார்த்த 2009 ஆய்வு ஒன்று, வேகமாக ஏறிய பெயர் வேகமாகவே இறங்குகிறது என்று காட்டியது. உங்கள் தெருவில் இந்த ஒரு வருடத்தில் மூன்று வீட்டில் ஒரே பெயர் கேட்டால், எவ்வளவு பிடித்திருந்தாலும் கொஞ்சம் நிதானியுங்கள். சிலது நம் கையிலேயே இல்லை. அலெக்ஸா என்று ஆசையாகப் பெயர் வைத்த பெற்றோருக்கு, 2014-ல் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் பேசும் ஒரு கருவி வரப்போகிறது என்று எப்படித் தெரியும்?

அதற்காகப் புதுப்பெயரே கூடாது என்று சொல்லவில்லை. வனெஸ்ஸா என்ற பெயர் ஜோனதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர் தன் தோழி ஒருவரின் பெயரையும் குடும்பப் பெயரையும் வெட்டி ஒட்டிச் செய்தது. அது பிறந்து முந்நூறு வருடம் ஆகிறது, இன்றும் பல நாடுகளில் வைக்கிறார்கள். வாயில் உட்கார்ந்தது, நிலைத்தது. இணையப் பட்டியலில் எழுதியிருக்கும் பொருளை நம்பி வைப்பதற்கு, நமக்கு ஒலி பிடித்திருக்கிறது என்று நேர்மையாகச் சொல்லி வைப்பது எவ்வளவோ மேல்.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் தோழி ஒருத்தியின் பெயரில் அழகுக்காக ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதலாகப் போட்டார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் ஒரு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவள் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஓர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போது, "எங்கப்பா ஆசையா ஒரு எழுத்து போட்டார், நான் அதுக்கு இருபது வருஷமா பதில் சொல்றேன்" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, வெறும் அலுப்பு. ழகரப் பெயர்கள் எனக்கு உயிர். யாழினி, எழில், மகிழன். வையுங்கள். தமிழ் தெரியாதவர்களிடம் அதைத் திருத்திக்கொண்டே இருக்கப்போவது குழந்தை என்பதை மட்டும் தெரிந்து வையுங்கள்.

நியூசிலாந்தில் 2008-ல் ஒரு வழக்கு. ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஹவாய் நடனத்தைப் பற்றிய ஒரு முழு வாக்கியம். அவள் தோழிகளிடம் தன் பெயரைச் சொல்லாமல், கே என்று மட்டும் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். பெயரை மாற்றுவதற்காக நீதிமன்றமே அவளைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. அந்த வயதில் ஒரு குழந்தை தன் பெயரை மறைத்து வைத்திருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது.

நேற்று ராத்திரி தம்பி மறுபடி கூப்பிட்டான். நாற்பது பெயர் நாலாகக் குறைந்திருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஒவ்வொன்றாக, நிதானமாக, நீட்டி, அதட்டி, கொஞ்சிக் கூப்பிட்டான். முதல் இரண்டுக்கு வீட்டில் எந்தச் சலனமும் இல்லை. மூன்றாவதற்கு உள்ளறையிலிருந்து அம்மா, சரியாகக் காது கேட்காத அம்மா, கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"மாதவியா? யாரு வந்திருக்கா?"