நாஷ்வில் சிறுமிகள் 1964 வரை காத்திருக்கவில்லை

அமெரிக்காவில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த "1964 சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் நாஷ்வில் நகரத்துக் கறுப்பினச் சிறுமிகள் கேர்ள் ஸ்கவுட்ஸில் [சிறுமிகளுக்கான சாரணர் இயக்கத்தில்] சேர முடிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. அங்கே முதல் அதிகாரபூர்வக் கறுப்பினக் குழு 1942-லேயே அமைந்துவிட்டது. சட்டம்தான் கதவைத் திறந்தது என்று சொன்னால் அதற்காகப் பாடுபட்ட கறுப்பினப் பெண்மணி ஜோசபின் ஹாலோவேயின் உழைப்பே மறைந்துபோகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

1924-இல் நாஷ்வில்லில் இருந்த பெத்லகேம் மையம் என்ற சமூக சேவை நிலையத்தில் வேலை பார்த்தபோதே சிறுமிகளைச் சேர்த்து ஸ்கவுட் பயிற்சியைத் தொடங்கியவர் அவர். 1933-இல் கறுப்பினச் சிறுமிகளுக்கு ஒரு குழு அமைக்க முறைப்படி அனுமதி கேட்டார். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி வசதி செய்யச் செலவு அதிகம் என்று கேர்ள் ஸ்கவுட்ஸின் உள்ளூர் கவுன்சில் மறுத்துவிட்டது. சரி என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. கணவர் சிகாகோவிலிருந்து வாங்கிவந்த கையேடுகளை வைத்துக்கொண்டு, தன் மகள்களையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் கூட்டி, அங்கீகாரம் இல்லாமலே நடத்தினார்.

1942-உடன் பாகுபாடு தீர்ந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். குழுக்கள் அப்புறமும் தனித்தனிதான். கூடாரம் போட்டுத் தங்கக்கூட இந்தப் பிள்ளைகளுக்கென்று தனியிடம் தேவைப்பட்டது. 1955-இல் திறந்த அந்த இடத்தின் பெயர் கேம்ப் ஹாலோவே.