ஒரு ஆபரேஷனோடு முடிந்துவிடுமா?

குடலில் பாலிப் எனும் சதை வளர்ச்சிகள் தோன்றும் பரம்பரை நோயான பாய்ட்ஸ்-ஜெகர்ஸில், குடல் அடைப்புக்கு ஒருமுறை ஆபரேஷன் செய்துவிட்டால் பாலிப் மறுபடி வராது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியல்ல. வெட்டி எடுத்தது அந்தப் பாலிப்பைத்தான். அதற்குக் காரணமான மரபணுக் கோளாறு (பெரும்பாலும் எஸ்டிகே11 என்ற மரபணுவில்) உடம்பில் அப்படியே இருக்கிறது. சிறுகுடலில் புதிதாகப் பாலிப் வளரலாம். பெரிதானால், சட்டைக் கை உள்பக்கமாகச் சுருண்டுகொள்வதுபோல் குடலைக் குடலுக்குள் இழுத்துவிடும். அப்புறம் மறுபடி அடைப்புதான். பச்சை வாந்தியோடு வயிற்றுவலி வந்தால், 'அதான் ஆபரேஷன் ஆயிற்றே' என்று தயவுசெய்து வீட்டில் காத்திருக்காதீர்கள்.

சரிபார்ப்பது எளிது. ஐரோப்பிய இரைப்பைக் குடல் எண்டோஸ்கோபி சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் இணையத்தில் இருக்கிறது. அறிகுறி இல்லாத பிள்ளைக்கும் 8 வயதில் சிறுகுடல் பரிசோதனையைத் தொடங்கி, 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை தொடரச் சொல்கிறது. 15–20 மில்லிமீட்டரைத் தாண்டிய பாலிப்பை அடைப்பு வரும் முன்பே எடுத்துவிடவும் சொல்கிறது.