ஜெயிலுக்குப் போய்வந்த துப்பறிவாளரை நம்பலாமா?

ஓசூரில் எனக்குப் பழக்கமான ஒரு தனியார் துப்பறிவாளர் இருக்கிறார். பெயர் வேண்டாம். இளவயதில் ஒரு அடிதடி வழக்கில் தண்டனையாகி, சேலம் மத்திய சிறையில் இருந்துவிட்டு வந்தவர். இதை அவர் யாரிடமும் மறைப்பதில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சொந்தக்காரர்கள் யாராவது வரன் விசாரிக்க ஆள் தெரியுமா என்று கேட்கும்போது நான் அவரைத்தான் சொல்வேன். உடனே முகம் மாறும். "பொண்ணு விஷயத்தைப் போய் ஜெயிலுக்குப் போன ஆள்கிட்டயா ஒப்படைக்கிறது?"

தாராளமாக ஒப்படைக்கலாம் என்பது என் கட்சி. துப்பறியும் ஆளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மாதிரி வேலைக்கு நீங்க வர மாட்டீங்க?" என்பது. அதற்குப் பதில் வைத்திருப்பவர் உள்ளே இருந்தவரோ இல்லையோ, எனக்குக் கவலையில்லை.

இந்தத் தொழிலையே ஆரம்பித்து வைத்தது ஒரு கைதி என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. விடோக் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1775இல் அராஸ் என்ற ஊரில் ரொட்டிக் கடைக்காரர் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே வீட்டுப் பணத்தில் கைவைத்தார். பிறகு சக கைதி ஒருவரை வெளியே விடச்சொல்லிப் பொய் ஆவணம் தயாரித்ததாக எட்டு வருடக் கடுங்காவல். பல முறை தப்பி ஓடினார், பிடிபட்டார். ஒரு கட்டத்தில் ஓடி அலுத்துப்போய், 1809இல் போலீசுக்கு உளவு சொல்ல ஒப்புக்கொண்டார். 1812 வாக்கில் பாரிஸ் நகரில் குற்றவாளிகளைப் பிடிக்கவென்று தனிப்படை ஒன்று உருவானபோது அதற்குத் தலைமையே அவர்தான். படையில் அவர் சேர்த்துக்கொண்ட ஆட்களும் சிறைக்குப் போய் வந்தவர்கள். திருடனின் முகம், நடை, பேச்சு எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வேலையில் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் அரசு அவருக்கு மன்னிப்பே கொடுத்தது. அதுவரை தண்டனைக் கைதி என்ற பெயரோடுதான் அடுத்தவனைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேடிக்கைதான்.

1833இல் அவர் பாரிஸில் சொந்தமாகத் தொடங்கிய அலுவலகத்தைத்தான் உலகின் முதல் தனியார் துப்பறியும் நிறுவனம் என்கிறார்கள். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வியாபாரிகள். கடனுக்குச் சரக்கு வாங்கிக்கொண்டு ஓடுகிறவனைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. போலீசுக்கு இது பிடிக்கவில்லை. 1837இல் அலுவலகத்தில் புகுந்து ஆயிரக்கணக்கான கோப்புகளை அள்ளிப்போனார்கள். 1843இல் ஐந்து வருடச் சிறை என்று தீர்ப்பானது, மேல்முறையீட்டில் விடுதலை. அந்தக் கோப்புகள் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். இந்த ஆளை யோக்கியர் என்று பூசி மெழுகவும் நான் வரவில்லை.

நம் நாட்டு நிலைமை இன்னும் வேடிக்கை. ஏடிஎம் வாசலில் நிற்கும் வாட்ச்மேனை அனுப்பும் ஏஜென்சிக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு அந்த லைசென்ஸ் கிடையாது. ஆனால் உங்கள் மகள் எங்கே போகிறாள், மருமகன் யாரோடு பேசுகிறான் என்று பின்தொடரும் ஏஜென்சிக்கென்று தனிச் சட்டமே இல்லை. 2007இல் ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. ஒரு மேசை, ஒரு விசிட்டிங் கார்டு இருந்தால் யாரும் துப்பறிவாளர் ஆகலாம். பளபளவென்று போர்டு வைத்திருப்பவரின் பின்னணியையும் யாரும் சரிபார்த்துத் தரவில்லை. நம்மவர் தன் வழக்கைத் தானே சொல்லிவிடுவதால் மாட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

சரி, அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்ப்போம். காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெண் வீட்டார் ஒரு வரன் விசாரிக்கக் கொடுத்தார்கள். பையனுக்கு ஓசூர் சிப்காட்டில் பெரிய கம்பெனியில் வேலை, பெர்மனென்ட் என்று தரகர் சொல்லியிருந்தார். ஐடி கார்டு போட்டோவும் வாட்ஸாப்பில் வந்திருந்தது. இவர் கம்பெனிக்குப் போன் போடவில்லை, ஃபேஸ்புக்கைத் துழாவவில்லை. விடியற்காலை, முதல் ஷிப்டுக்கு ஆள் ஏறும் இடத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார். அந்தக் கம்பெனியில் பெர்மனென்ட் ஆட்களைக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும், காண்ட்ராக்ட் ஆட்கள் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போவார்கள். பையன் ஷேர் ஆட்டோவில் ஏறினான். மறுநாளும் அப்படித்தான். மாலையில் அவன் தங்கியிருக்கும் லைன் வீட்டுப் பக்கம் மளிகைக் கடையில் பேச்சுக் கொடுத்தார்.

பேனாவால் எழுதிய ஒரு பக்க அறிக்கை. "காண்ட்ராக்ட் வேலை. குடி இல்லை. மளிகைக் கடையில் பாக்கி இல்லை. அக்கா மகள் படிப்புச் செலவை இவர்தான் பார்க்கிறார்." பெண்ணின் அப்பாவுக்கு முதல் வரியோடு கோபம் ஏறிவிட்டது. மற்ற மூன்று வரிகளையும் படியுங்கள் என்று இவர் உட்காரவைத்துச் சொன்னார். பொய் சொன்னது பையனா, தரகரா என்று பையனிடமே கேளுங்கள் என்றும் சொன்னார். பொய் தரகருடையது. ஆனாலும் அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை, பெர்மனென்ட் மாப்பிள்ளைதான் வேண்டும் என்றுவிட்டார்கள். அது அவர்கள் இஷ்டம். ஆனால் கேட்ட தகவலோடு நிறுத்தாமல், அந்தப் பையனைப் பற்றிய நல்லதையும் விசாரித்து எழுத ஒரு மனசு வேண்டும். ஒற்றை வரியில் தன்னைப் பற்றி ஊரே முடிவு கட்டுவதை அனுபவித்தவர் என்பதால் அந்த மனசு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்டால் சிரிப்பார்.

இன்னொன்று மாம்பழக் கேஸ். சந்தூர் பக்கத்து விவசாயி ஒருவர். கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூரா மாங்காயை ஒரு இடைத்தரகரிடம் லோடு லோடாக ஏற்றிவிட்டார். ஃபேக்டரி பணம் வந்ததும் தருகிறேன் என்ற ஆளின் போன் சீசன் முடிந்ததும் சுவிட்ச் ஆஃப். வீட்டையும் காலி செய்துவிட்டான். நாமாக இருந்தால் அவனுடைய சொந்த ஊரில் தேடுவோம். இவர் மாங்காயை விட்டுவிட்டு, அடுத்து என்ன சரக்கு வரத்து அதிகம் என்று பார்த்தார். இராயக்கோட்டை தக்காளி மண்டியில் சில நாள் விடியற்காலையில் போய் நின்றார். ஆள் அங்கே வேறு பெயரில் ஏலம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏமாத்துறவன் தொழிலை மாத்த மாட்டான் சார், சரக்கைத்தான் மாத்துவான்" என்றார். சிறையில் பக்கத்தில் படுத்திருந்த ஒரு மோசடிக் கைதி பெருமையாகச் சொன்ன பாடமாம் அது. எந்தப் பயிற்சி வகுப்பில் இது கிடைக்கும்? அப்புறம் இவர் ஆளை மடக்கி அடித்துப் பிடுங்கவும் போகவில்லை. போட்டோ, எடை போட்ட சீட்டுகள், ஏற்றிவிட்ட லாரியின் நம்பர் எல்லாவற்றையும் அடுக்கி, விவசாயியைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் புகார் எழுத வைத்தார். பாதிப் பணம் வந்தது. மீதிக்கு வழக்கு நடக்கிறது.

ஜெயிலுக்குப் போனவன் என்றாலே கெட்டவன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல, நாட்டில் வேறு யாருக்கு உரிமை இருந்தாலும் நம் தர்மபுரிக்காரர்களுக்கு இல்லை. அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். ஆனால் முதலில் சேலம் சிறைக்குப் போனது யார்? அந்த ஊர்ப் பெண்களும் குழந்தைகளும். சீருடை போட்டவர்கள் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் சொல்ல 2011 செப்டம்பர் ஆகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்தே போயிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1992க்கும் 2011க்கும் நடுவில் இருந்த பத்தொன்பது வருடமும் ஊர்க்காரர்கள் "கேஸ்ல மாட்டினவங்க", அதிகாரிகள் பெரிய மனிதர்கள்.

நம்மவர் அப்பாவி என்று இதை வைத்துச் சொல்ல வரவில்லை. அவர் அடித்தார், தண்டனை வாங்கினார், அதை அவரே ஒத்துக்கொள்கிறார். சிறைச்சீட்டை மட்டும் வைத்து ஆளை எடைபோட முடியாது என்கிறேன்.

எதிர்த்தரப்பில் எனக்கு நியாயமாகப் படுவது ஒன்று உண்டு. துப்பறிவாளர் கையில் நம் வீட்டு ரகசியம் போகிறது. நாளைக்கு அதை வைத்து அவர் மிரட்டினால்? விடோக்கின் கோப்புகளைக் கண்டு பாரிஸில் எத்தனை பெரிய மனிதர்களுக்குத் தூக்கம் கெட்டிருக்கும்! இந்தப் பயம் நிஜம். ஆனால் இது துப்பறிகிற எல்லோரிடமும் இருக்க வேண்டிய பயம். 2018இல் மகாராஷ்டிராவில் தானே போலீஸ், மற்றவர்களின் போன் அழைப்பு விவரங்களைத் திருட்டுத்தனமாக வாங்கியதாகத் தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தது. இதே தொழிலில் பெயர் வாங்கியவர்களும் அதில் மாட்டினார்கள். "மூணு நாள்ல கால் லிஸ்ட் எடுத்துத் தர்றோம்" என்று எந்த ஏஜென்சி சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அது குற்றம், கேட்டு வாங்குகிற நீங்களும் சிக்குவீர்கள்.

கணவன் மனைவி வழக்கில், ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் பதிவு செய்த போன் பேச்சையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் கேள்விப்பட்டதும் துப்பறிவாளரும் எதை வேண்டுமானாலும் ஒட்டுக் கேட்கலாம் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். மனைவியின் போனில் ஆப் போட்டுத் தர முடியுமா என்று இவரிடமே வந்து கேட்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் போன், இமெயில் பயன்பாட்டைக் கண்காணிப்பது பின்தொடர்தல் குற்றத்தில் வரும், நான் ஏற்கெனவே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தாச்சு என்று அனுப்பிவிடுவாராம். தண்டனையின் ருசி தெரிந்தவருக்குச் சட்டத்தின் எல்லை கொஞ்சம் கூடவே தெரிகிறது!

ஆனால் நான் அவரை நம்ப ஆரம்பித்தது வேறொரு கேஸில். தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பொலிரோவில் நாலைந்து பேர் வந்தார்கள். பெண் காணவில்லை, பெங்களூரு பக்கம் இருப்பதாகத் தகவல், கண்டுபிடித்து இடத்தை மட்டும் சொன்னால் போதும். மேசையில் கட்டாகப் பணம் வைத்தார்கள். அந்த மாதம் இவர் கடை வாடகையே கொடுத்திருக்கவில்லை.

"பொண்ணுக்கு என்ன வயசுங்க?"

"இருபத்தொண்ணு."

"கூட யாராவது போயிருக்காங்களா?"

பதில் இல்லை. ஒருவர் மட்டும் பையனின் சாதியைச் சொல்லித் திட்டினார்.

"அப்ப காணாமப் போகலைங்க. கிளம்பிப் போயிருக்கு. இதுக்கு நான் ஆள் இல்லை" என்று பணத்தை எடுத்து அவர்கள் பக்கம் நகர்த்தினார். நீ என்ன பெரிய உத்தமனா, ஜெயில்ல கிடந்தவன்தானே என்று ஒருவர் எகிறினார். ஆமாங்க, அதனாலதான் என்றாராம்.

2012 நவம்பரில், சாதி மாறிய ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்கிட்டுத் தலித் குடியிருப்பான நத்தம் காலனி எரிக்கப்பட்டது இந்தத் தர்மபுரி மாவட்டத்தில்தான். காதலித்துப் போன இரண்டு பேரின் முகவரிக்கு இங்கே என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த முகவரியைக் கண்டுபிடிப்பது துப்பறிவாளருக்கு ஒரு வார வேலை. நடந்து முடிந்த பிறகு "நான் அட்ரஸ்தானே சொன்னேன்" என்று கையைத் துடைத்துக்கொள்ளவும் முடியும், ஏனென்றால் தடுக்கத் தனிச் சட்டமில்லை. பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் இவர் நேராகப் போலீசுக்குப் போகவும், குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடவும் சொல்லிவிடுவார், அதற்கும் பணம் வாங்க மாட்டார்.

சிறைத்துறை கைதிகளை வைத்துப் பெட்ரோல் பங்க் நடத்துகிறது. நாம் வண்டியை நிறுத்தி டாங்க் நிரப்பிக்கொண்டு, அளவு சரியாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்கிறோம். தண்டனை முடிந்து வெளியே வந்தவர் ஒரு ஆபீஸ் போட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

திரும்பவும் ஒரு மசோதா வந்தால், வாட்ச்மேன் ஏஜென்சி சட்டத்தில் இருப்பதுபோல் என்ன குற்றம் என்று பார்க்காமல், தண்டனைக் காலத்தை மட்டும் வைத்து ஒட்டுமொத்தமாகத் தள்ளிவைக்கும் வரி அதில் இருக்கக் கூடாது. மிரட்டிப் பணம் பறித்தவர், பெண்களுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவர், தகவல் திருடி விற்றவர் ஆகியோருக்கு லைசென்ஸ் வேண்டாம், சரி. எழுத்தில் ஒப்பந்தம், பணத்துக்கு ரசீது, வேலை முடிந்ததும் கோப்பை வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுப்பது எல்லாம் கட்டாயமாகட்டும். அதோடு, விருப்பப்பட்டு வீட்டை விட்டுப் போன பதினெட்டு வயது தாண்டியவரின் இருப்பிடத்தைக் காசுக்குச் சொல்கிறவருக்குச் சிறை என்று ஒரு பிரிவும் வேண்டும்.