தன்னார்வலர்களுக்குச் செலவே இல்லையாம்!

முதியவர்களுக்கு உதவும் எங்கள் கூட்டு முயற்சியின் மேடையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவர் பேசியதை இதற்குள் எல்லோரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். "இந்தக் கூட்டு முயற்சியின் பெருமையே, தன்னார்வலர்களுக்கு ஒரு காசு செலவில்லை என்பதுதான்" என்றார் அந்தப் பெரியவர். கைதட்டல் வேறு. தட்டியவர்களில் பாதிப் பேர் அன்று காலை சொந்தப் பெட்ரோலில் நாற்காலி ஏற்றி வந்தவர்கள்.

செலவு இருக்கிறது ஐயா. அதை நீங்கள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கூட்டு முயற்சி காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். நிறுவனம் பணம் தரும், மருத்துவமனை உதவி தேவைப்படுவோர் பட்டியல் தரும், கல்லூரி ஆள் தரும். எல்லோருடைய சின்னமும் பதாகையில் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். பட்டியலில் இருக்கும் முதியவருக்கும் உதவ வரும் இளைஞனுக்கும் நடுவே தொலைபேசியை எடுப்பது யார்? அது மட்டும் ஒப்பந்தத்தில் இருக்காது.

எங்கள் குழுவில் அதை எடுப்பவர் ஒரு அக்கா. பெயர் போட்டால் திட்டுவார். அவருடைய நோட்டில் ஒரு பக்கம்: 'இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேசவும். டயாலிசிஸ் முடிந்ததும் தலை சுற்றும், அவசரப்படுத்த வேண்டாம். மகனைப் பற்றிக் கேட்காதீர்கள்.' நீங்கள் பெருமையாக வெளியிட்ட செயலியில் அந்தக் கடைசி வரியை எழுத இடமிருக்கிறதா? கார் ஓட்ட ஒப்புக்கொண்ட பையன் விடிகாலையில் 'வர முடியவில்லை' என்று செய்தி அனுப்பினால், அடுத்த ஆளைத் தேடிப் பிடிப்பதும் அவர்தான். டயாலிசிஸ் தள்ளிப்போடுகிற காரியமா? வாரம் இரண்டு மூன்று முறை நடந்தே தீர வேண்டும்.

அவருக்கு ஒரு தொகை கொடுங்கள், முடியாவிட்டால் தொலைபேசிக் கட்டணமாவது கொடுங்கள் என்று கேட்டேன். "சேவைக்குக் கூலியா?" என்று சிரித்தார்கள். கேட்டது நான். சிரிப்பு விழுந்தது அவர்மேல்.

சேவை என்றால் பணம் கேட்கக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கத்தைத் துணைக்கு அழைத்து எனக்குப் பாடம் எடுக்கிறார் ஒரு நண்பர். சரி, பேசுவோம். 1965-இல் வியன்னாவில் அறிவித்த ஏழு அடிப்படைக் கொள்கைகளில் தன்னார்வச் சேவையும் ஒன்று. ஆதாய நோக்கம் கூடாது என்கிறது அது. கைக்காசு கரைய வேண்டும் என்று எங்கே சொல்கிறது? அந்த இயக்கம் பிறந்த கதையையும் பாருங்கள். 1859-இல் இத்தாலியில் நடந்த சோல்ஃபெரினோ போரில் காயம்பட்டவர்களை ஊர்ப் பெண்கள் ஓடி ஓடிக் கவனித்ததை சுவிஸ் வணிகர் ஹென்றி டுனாண்ட் நேரில் பார்த்தார். நல்ல மனம் இருந்தால் போதும் என்று அவர் சொல்லவில்லை. போர் இல்லாத காலத்திலேயே ஆட்களைப் பழக்கித் தயாராக வைத்திருக்கும் சங்கங்கள் வேண்டும் என்றார். அந்தத் தயாரிப்பு வானத்திலிருந்து விழுமா?

2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட கையேடு, தன்னார்வ உழைப்பை அளக்க வழி சொல்கிறது: அதே வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுங்கள் என்கிறது. எங்கள் அக்காவின் ஒரு மாதத்தை அப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள். மேடையில் யாருக்கும் பேச்சு வராது.

பணம் கொடுத்தால் போலிகள் வருவார்கள் என்கிறீர்கள். வரட்டும். புகைப்படத்துக்காக மட்டும் வருகிறவர்களை விடவா?

அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்கள் ஒரே நிறச் சட்டையில் அரைநாள் வந்தார்கள், முதியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள், போனார்கள். ஒரு பாட்டி "அந்தப் பிள்ளை மறுபடி எப்போது வரும்?" என்று இன்னும் கேட்கிறார். உங்கள் ஆண்டறிக்கையில் அவர் 'பயனடைந்தவர்'. பதில் சொல்ல வேண்டியது நாங்கள்.

இத்தனைக்குப் பிறகு எனக்கு விளம்பர ஆசை என்று எழுதுகிறார்கள். எழுதுங்கள். 2026-ஐ நிலையான வளர்ச்சிக்கான சர்வதேசத் தன்னார்வலர் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. கேடயங்களுக்குக் குறைவிருக்காது, எனக்கும் ஒன்று கிடைக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. நிகழ்ச்சி நிரலில் பதாகை வடிவமைப்பு இருக்கிறது, பயணப்படி இல்லை. போகப்போவதில்லை என்று அக்காவிடம் சொன்னேன். "போய்விட்டு வா, சண்டை போடாதே. அந்த ஆஸ்பத்திரிப் பட்டியல் நமக்கு வேண்டும்" என்கிறார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.