ஜகாத் வருமானத்துக்கு அல்ல, சேமிப்புக்கு
இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைப் பற்றி உங்கள் பதிவில் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவற்றில் ஒன்றான ஜகாத், அதாவது வசதியுள்ள முஸ்லிம்கள் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கு, என்றால் ஆண்டு வருமானத்தில் 2.5 சதவீதம் என்று ஒரே வரியில் முடித்திருப்பது சரியில்லை. அந்த 2.5 சதவீதம் சம்பாதித்ததற்கு இல்லை, செலவு போக மிஞ்சி ஒரு சந்திர ஆண்டு முழுக்கக் கையில் இருக்கும் பணம், தங்கம், வெள்ளி, வியாபாரச் சரக்கு ஆகியவற்றுக்குத்தான், அதுவும் நிஸாப் என்கிற வரம்பைத் தொட்டால் மட்டும் (ஏறக்குறைய 85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்பு). குடியிருக்கும் வீடு, உடுத்தும் துணி இதிலெல்லாம் சேராது. சம்பளம் வந்ததுமே கொடுக்க வேண்டும் என்று இன்றைய அறிஞர்கள் சிலர் சொல்கிறார்கள், பழைய நான்கு மத்ஹபுகளின் (ஹனஃபி, ஷாஃபி முதலிய மார்க்கச் சட்டப் பிரிவுகளின்) வழி அதுவல்ல. விளைச்சலுக்குக் கணக்கே வேறு, மழையில் விளைந்தால் 10 சதவீதம், இறைத்துப் பாய்ச்சினால் 5. எங்கள் வீட்டில் கணக்குப் போடும்போது ஒவ்வொரு முறையும் இழுபடுவது அணியும் நகைதான், ஹனஃபிகள் அதற்கும் உண்டு என்பார்கள், ஷாஃபிகள் பொதுவாக இல்லை என்பார்கள். அப்புறம், மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் ஜகாத்தைப் பற்றி 'விருப்பப்பட்டால் கொடுக்கிற தர்மம்தானே' என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஸதகா இருக்கிறது. ஜகாத் கட்டாயக் கடமை, 632-இல் நபிகள் மறைந்த பிறகு அதைத் தர மறுத்தவர்கள்மீது முதல் கலீஃபா அபூபக்கர் போரே தொடுத்தார். யாருக்குக் கொடுக்கலாம் என்பதையும் குர்ஆன் 9:60 எட்டு வகையாக வரையறுக்கிறது, பெற்ற தாய் தகப்பனுக்கோ பிள்ளைகளுக்கோ கொடுத்துவிட்டு ஜகாத் கொடுத்தாயிற்று என்று பொதுவாகச் சொல்ல முடியாது, அவர்களைப் பார்த்துக்கொள்வது ஏற்கெனவே நம் பொறுப்பு.