விடுமுறை வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு

கும்பகோணம், மயிலாடுதுறை ஜவுளிக்கடைகளில் விடுமுறைக்கு வேலைக்குச் சேரும் கல்லூரி மாணவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தாது, கடைக்காரர் கொடுப்பதுதான் கூலி என்று ஒரு பதிவு பலராலும் பகிரப்படுகிறது. அது சரியல்ல.

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, நிரந்தரம், தற்காலிகம் என்று பிரித்துப் பார்க்கவில்லை. மாணவருக்கு விலக்கும் தரவில்லை. விலக்கு 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி முறையாக ஒப்பந்தம் போட்ட தொழிற்பழகுநருக்கு (அப்ரண்டிஸ்) மட்டும்தான். "பயிற்சிதானே தம்பி" என்று கல்லாவில் உட்கார்ந்து சொல்வது ஒப்பந்தம் ஆகிவிடாது.

யாரும் சரிபார்க்கலாம். புதிய தொகுப்பின் 5-ஆம் பிரிவு ஒரே வாக்கியம்தான், படித்துப் பாருங்கள். தொகைக்கு, தமிழ்நாடு தொழிலாளர் துறையின் இணையதளத்தில் 'கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள்' என்ற தலைப்பில் வேலைவாரியாக விகிதங்கள் இருக்கின்றன. அடிப்படை ஊதியத்தோடு அகவிலைப்படியையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அகவிலைப்படி ஏப்ரல் 1 அன்று மாறும் என்பதால் பழைய பட்டியலை நம்ப வேண்டாம். மாதத் தொகையை 26-ஆல் வகுத்தால் நாள் கூலி. அதற்குக் குறைவாகக் கொடுத்தால், மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.